மயில்கழுத்து நிறக் காரும் என் வலது முழங்காலும்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வாங்கினாலும் முதலில் அது கோயிலுக்குத்தான் ஓட வேண்டும். அந்த முதல் ஓட்டத்தில் வீட்டின் மூத்தவர் உடன் ஏறி, சக்கரம் உருளத் தொடங்கியது முதல் கோயில் வாசல் வரும்வரை ஒரு பதிகத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டு போக வேண்டும். இதை ஏற்படுத்தியவர் யாரென்று எனக்குத் தெரியாது. என் தந்தை மிதிவண்டி வாங்கியபோது அவருடைய பெரியப்பா பின்னிருக்கையில் அமர்ந்து பாடினாராம். நான் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது என் தந்தை என் தோளைப் பற்றிக்கொண்டு பாடினார். என் மகள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் ஒரு சிறிய கார் வாங்கினாள். அதற்கு நான் பாடினேன். இரண்டு பாட்டு முடிவதற்குள் கோயில் வந்துவிட்டதால், மிச்சத்தை முடிப்பதற்காக அவள் அந்தத் தெருவை மேலும் இரண்டு முறை சுற்றி வந்தாள். அவ்வளவு ஒழுங்காக வழக்கத்தைப் பேணிய குடும்பம் எங்களுடையது.

அந்தச் சிறிய காரை விற்றுவிட்டு, இருபத்தொன்பதாம் வயதில், அவள் ஒரு பந்தயக் கார் வாங்கினாள்.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பிறை நகரில் ஒரு விற்பனையாளரிடமிருந்து அது லாரியின் முதுகில் ஏறி, பாலம் கடந்து, சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே வந்து இறங்கியது. பூசை ஆகாத வண்டியை ஓட்டிவரக் கூடாது என்பதற்காக லாரிக்கு அவள் தனியாகக் கூலி கொடுத்திருந்தாள். இங்கிலாந்தில் கையால் சேர்த்துச் செய்யப்பட்டதாம். அவளுக்கு முன் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தாராம். இருவர் மட்டுமே அமரலாம். கூரை வெறும் துணி. இயந்திரம் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. நிறத்தைப் புடவைக் கடைக்காரரிடம் கேட்டால் மயில்கழுத்து என்று சொல்லியிருப்பார். வெயில் பட்ட இடத்தில் நீலம், நிழல் விழுந்த இடத்தில் பச்சை. உயரமோ என் இடுப்புக்கு எட்டவில்லை.

என் மனைவி ஆரத்தித் தட்டோடு மின்தூக்கியில் இறங்கி வந்தாள். வண்டிகளுக்கு எப்போதும் நின்றுகொண்டே ஆரத்தி சுற்றுகிறவள், இதற்குக் குனிந்து சுற்றினாள்.

“அப்பா, வெள்ளிக்கிழமை காலையில போலாமா? ஐயர்கிட்ட சொல்லிட்டேன். எட்டு மணிக்கு வரச் சொன்னாரு” என்றாள் மகள்.

“இதிலயா?”

“இதிலதான்பா. உங்க பாட்டு இல்லாம எப்படி கிளம்பும்?”

நான் துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதைவிட அதிக காலம் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் பதிகம் ஓதி வருபவன். அந்த வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். திறந்த கதவின் வழியே இருக்கையைப் பார்த்தேன். அது தரையோடு தரையாகக் கிடந்தது.

“நிலையாமையப் பாடுற வாயிம்மா இது. இதுல உக்காந்து பாடுனா சாமியே சிரிக்கும். நான் ஏறல” என்றேன்.

அவள் வாதாடவில்லை. “சரிப்பா” என்றாள். மறுநாள் சாம்பல் நிறத்தில் ஓர் உறை வாங்கி வந்து வண்டியை மூடினாள்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பழைய கார் கைவிட்டுப் போயிற்று. புதிய கார் பூசைக்காகக் காத்திருந்தது. ஆகவே அவள் என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாயான் லெப்பாசில் அவள் வேலை செய்யும் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைக்குப் போனாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. மாலையில் வாசலில் நின்று காலணியைக் கவிழ்த்து நீரை ஊற்றுவாள். என் மனைவி ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து நீட்டுவாள். அந்தப் பேசாமை எனக்காகவே வைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

நான் மட்டும் நிமிர்ந்தே நடந்தேன். ஏனென்றால் செய்தி பரவியிருந்தது. என் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, “மொதல்ல வீடு, அப்புறம் கல்யாணம், அதுக்கப்புறம்தானே மச்சான் காடி? நீங்க கண்டிப்பா இருந்தது சரிதான்” என்றார். காரை இங்கே நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். கோயிலில் ஒருவர், “பாடுறது மட்டும் இல்ல, பாடுன மாதிரி இருக்காரு பாரு” என்று என் காதில் விழும்படி இன்னொருவரிடம் சொன்னார். அன்றைக்கு என் குரல் வழக்கத்தைவிட நன்றாக இருந்ததாக நான் நினைத்தேன்.

கேலி செய்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கத்தோலிக்க அம்மையார். மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதியரை இவ்வூரில் மிஸ்ஸி என்று அழைப்பது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் எங்களுக்கெல்லாம் மிஸ்ஸிதான்.

“அண்ணே, உங்க தேரு எப்பதான் நெலைய விட்டுக் கெளம்பும்? இல்லன்னா சொல்லுங்க லா, எங்க ஃபாதர கூட்டியாந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்றேன். அவரு பாட்டெல்லாம் பாட மாட்டாரு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்.”

“எங்க வீட்டு வழக்கம் வேற மிஸ்ஸி” என்றேன்.

“வழக்கம்தான் மழையில நனைஞ்சுக்கிட்டு மோட்டர்ல போவுதே, பாக்கறேன்” என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை, மனைவி பசாருக்குப் போயிருந்தாள். மகள் வேலையில் இருந்தாள். வண்டிச் சாவி சாமி அறையின் ஆணியில் தொங்கியது. எலி ஏதாவது உள்ளே குடிபுகுந்திருக்குமோ, பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன். உறையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். எலி இல்லை. திரும்பியிருக்கலாம். ஒரு கையைக் கூரையிலும் மறு கையைக் கதவிலும் வைத்துப் பின்புறத்தை மெல்ல இறக்கினேன். பாதி வழியில் வலது முழங்கால் கைவிட்டது. மீதி வழி நான் விழுந்தேன்.

இருக்கை என்னை ஏந்திக்கொண்டது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். உறை தானாகச் சரிந்து கதவை மூடிக்கொண்டது. சாம்பல் துணியினூடே வந்த வெளிச்சம் கருவறை வெளிச்சம்போல் மங்கலாக இருந்தது. பழைய தோலின் வாசனை அடித்தது. ஓரடி மெல்லப் பாடிப் பார்த்தேன். குரல் வெளியே போகாமல் என்னையே சுற்றி நின்றது. ஒப்புக்கொள்கிறேன்: மகிழ்ச்சியாக இருந்தது.

பிறகு எழ முயன்றேன்.

கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் அகலமாக ஒரு திட்டு. அதைத் தாண்டிக் காலை வெளியே வைக்க வேண்டும். வைத்த காலை ஊன்றி, தரை மட்டத்திலிருந்து உடம்பைத் தூக்க வேண்டும். முதல் முறை முழங்கால் மறுத்தது. இரண்டாம் முறை அலறியது. மூன்றாம் முறை நான் அதனிடம் கேட்கவே இல்லை, ஒலிப்பானைப் பார்த்தேன். அழுத்தினால் பத்து மாடியும் இறங்கி வந்து உறையைத் தூக்கிப் பார்க்கும். நிலையாமை பாடும் வாயோடு நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். அழுத்தவில்லை. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்திருப்பேன். பயமாக இருந்ததால் பாடினேன். இந்த முறை மெய்யாகவே பாடினேன்.

செருப்புச் சத்தம் வந்து நின்றது. “யாரு அது உள்ள?”

“நான்தான் மிஸ்ஸி.”

உறை விலகியது. அவர் கையில் பூனைகளுக்கான சோற்றுக் கிண்ணம் இருந்தது. “அண்ணே? என்ன பண்றீங்க இங்க?”

“எலி இருக்கான்னு பாக்க வந்தேன்.”

அவர் என்னையும் என் கால்களையும் நன்றாகப் பார்த்தார். “ம். அகப்பட்டுக்கிச்சு போல” என்றார்.

அதற்குமேல் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்தக் கணமே தாதியாக மாறிவிட்டார். “ஏந்திரிக்கப் பாக்காதீங்க. மேல போறத மறந்துருங்க. மொதல்ல ரெண்டு காலயும் வெளிய போடுங்க. இப்ப கையத் தரையில ஊனுங்க. ஆமா, தரையிலதான், வெக்கப்படாதீங்க. கொழந்த கட்டில்லேருந்து எறங்கும்ல, அப்படி.” தோளில் கிடந்த துவாலையை மடித்து என் முழங்கால் இறங்கும் இடத்தில் போட்டார். நான் நான்கு கால்களில் வெளியே வந்தேன். பிறகு வண்டியைப் பிடித்து ஒவ்வொரு பகுதியாக நிமிர்ந்தேன்.

“எத்தன வருசமா இந்த முட்டி இப்படி?”

“ஒம்பது.”

“வீட்டுல தெரியுமா?”

முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினேன். ஒன்பது ஆண்டுகளாக நான் கோயிலில் விழுந்து வணங்கியதில்லை. தூணருகே நின்றபடி கைகூப்புவேன். அதை ஒரு தனி நெறியென்று பலர் எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. அந்த இடத்தில், துவாலையை உதறிக்கொண்டிருந்த அவர் எதிரே நின்றபோது, லாரியிலிருந்து வண்டி இறங்கிய நாளை நினைத்துப் பார்த்தேன். அன்று என் கண் முதலில் போனது இருக்கையின் தாழ்வுக்கு. மனம் சொல்வதற்கு முன்பே முழங்கால் மறுத்துவிட்டது. அந்த மறுப்புக்கு வைராக்கியம் என்று பெயரிட்டது நான். மூன்று வாரம் என் மகள் நனைந்தது அந்தப் பெயருக்காக.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணே” என்றார் மிஸ்ஸி. “எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒன்னு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பாவத்தப் போயி நாம சொல்ல முடியாது. அவங்கவங்க வாயால சொன்னாத்தான் கணக்கு.”

அன்று மாலை மகள் அடுப்படியில் மதிய உணவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அன்னிக்கு நான் சொன்ன காரணம் பாதிதாம்மா நெசம்.”

“மீதிப் பாதி?”

“முட்டி.”

அவள் குழாயை மூடினாள். நான் உள்ளே அகப்பட்ட கதையைச் சொன்னேன். எலியையும் விடவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, வேறெதையாவது அடக்கவா என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ஒம்பது வருசமா எனக்குத் தெரியும். மாடிப்படிய எண்ணி எண்ணி எறங்கறவர எனக்குத் தெரியாதா? அவரு வாயாலயே வரட்டும்னு இருந்தேன்.”

“சரி, முட்டிக்கு வழி பாக்கலாம்” என்றாள் மகள். “அந்த நெசமான பாதிக்கு என்னப்பா செய்யறது? உங்களுக்கு அந்தக் காடி புடிக்கலதானே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரத்தில் ஒருமுறைகூட நான் அவளிடம் கேட்டதில்லை. “ஏம்மா வாங்குன அத?” என்று கேட்டேன்.

அவள் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “பன்னெண்டு மணி நேரம்பா. வெள்ளை உடுப்பு, தல மூடி, வாய் மூடி, கையில உறை. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். தூசு வரக்கூடாதுன்னு சன்னலே கெடையாது. கூடவே வேல செய்யறவங்கள வெளிய பாத்தா அடையாளம் தெரியாது. ஏழு வருசமா அந்த ரூம்ல நிக்கிறேன். வெளிய வந்ததும் மூஞ்சியில காத்து அடிக்கணும். கூர இல்லாத ஒன்னு வேணும்னு இருந்துச்சு. மோட்டர்லயும் காத்து வரும், ஆனா எல்லாரும் ‘பாவம், மழையில போறா’ன்னு பாப்பாங்க. என்னப் பாத்து யாரும் பாவம்னு நினைக்காத ஒன்னுல, ஒரு தடவ, கடலோரமா போவணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்பா.”

நான் என் அறைக்குப் போய் அமர்ந்தேன். ஐம்பது ஆண்டுகளாக நான் ஓதிய பாட்டுகளை எண்ணிப் பார்த்தேன். இறைவன் வரும் காளையின் திமிலை, கழுத்து மணியை, நடையின் செருக்கை அடியார்கள் எத்தனை ஆசையோடு பாடியிருக்கிறார்கள். கருடனின் சிறகு வீச்சுக்கு எத்தனை அடி, மயிலின் கழுத்து நிறத்துக்கு எத்தனை அடி. தேரின் சக்கரத்தைத் தனியே பாடியிருக்கிறார்கள், கொடியைத் தனியே பாடியிருக்கிறார்கள். உடம்பை நீர்க்குமிழி என்று பாடிய அதே வாய்தான் இதையும் பாடியது. வாகனத்தை விட்டுவிட்டு நடந்து வா என்று எந்த அடியாரும் தம் இறைவனிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாதிப் பாட்டைத்தான் நான் என் மகளிடம் ஓதியிருக்கிறேன். மகள் கேட்ட அந்த உண்மையான பாதிக்கும் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. இரண்டு மாலைகள் மிஸ்ஸி எனக்கு இறங்கும் பயிற்சி கொடுத்தார். “இப்பவும் எலி மாதிரியேதான் வர்றீங்க, ஆனா படிச்ச எலி” என்று இரண்டாம் நாள் சான்றிதழ் வழங்கினார். துவாலையையும் எனக்கே தந்துவிட்டார்.

வெள்ளி காலை வானம் வெளுத்திருந்தது. மகள் துணிக் கூரையைச் சுருட்டி எடுத்துவிட்டாள். மனைவியும் மிஸ்ஸியும் வாடகைக் காரில் முன்னே போனார்கள். நான் வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு, நெற்றியில் நீறோடு, அந்தக் குழிக்குள் இறங்கினேன். சக்கரம் உருண்டது. பாடத் தொடங்கினேன்.

முதுகுக்குப் பின்னால் இயந்திரம் உறுமியதில் என் பாட்டு எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவது தெரிந்தது, தொண்டை அதிர்வது தெரிந்தது. கேட்பார் இல்லாமல், என் காதுகூட இல்லாமல் நான் பாடிய முதல் பதிகம் அதுதான். சிவப்பு விளக்கில் வண்டி நின்று உறுமல் தணிந்தபோது என் குரல் திடீரென்று சாலை நடுவே தனியாக நின்றது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். வழக்கப்படி நிறுத்தக் கூடாது, நான் நிறுத்தவில்லை. ஒருவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். மகள் நேரே பார்த்தபடி ஓட்டினாள். அவள் முகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

கோயில் வளாகத்துக்குள் நுழைய வடிகாலின் மேல் ஒரு சிறு ஏற்றம் இருக்கிறது. வண்டியின் மூக்கு அதில் ஏறினால் இடித்துவிடும். இதை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. வண்டி சாலையோரமே நின்றது. செய்தி உள்ளே போய், குருக்கள் தட்டோடு வெளியே வந்தார். ஏற இறங்கப் பார்க்க வண்டியில் உயரம் எதுவும் இல்லாததால் இறங்க மட்டும் பார்த்தார்.

“எத்தனையோ லாரி, பஸ்ஸுக்கெல்லாம் எக்கி நின்னு பொட்டு வச்சிருக்கேன். இதுக்குத்தாம்மா உக்காந்து வைக்கணும்” என்றார்.

என் முறை வந்தது. இரண்டு கால்களையும் வெளியே போட்டேன். துவாலையை விரித்தேன். கையைத் தரையில் ஊன்றினேன். அதுவரை பயிற்சிப்படி நடந்தது. ஆனால் அடுக்குமாடியின் சிமெண்டுத் தரைக்கும் கோயில் வாசலில் தெளித்த ஈரத் தரைக்கும் வேறுபாடு உண்டு. துவாலை நழுவியது. முழங்கால்கள் போயின, முழங்கைகள் போயின, கடைசியில் நெற்றியும் கல்லில் பட்டது. வாசலுக்கு நேரே, கோபுரத்தைப் பார்த்தபடி, நான் முழுதாகக் கிடந்தேன்.

பூக்கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். குருக்கள் தீபத்தை ஏந்தியபடி நகராமல் காத்திருந்தார். எழுவதற்குத்தான் நினைத்தேன். ஆனால் கல்லின் குளிர்ச்சி நெற்றிக்குத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளாக அது எப்படி இருக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். மறுபக்கத்திலிருந்து ஓடி வந்த மகளை மிஸ்ஸி தடுத்து, “இழுக்காதடி, அவரா எந்திரிக்கட்டும்” என்றது கேட்டது.

மகள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், “அப்பா, விழுந்துட்டீங்களா, கும்பிடறீங்களா?” என்றாள்.

“ரெண்டும்தாம்மா” என்றேன். “கொஞ்ச நேரம் இரு.”

அவள் இருந்தாள்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கொன்றாக நான்கு எலுமிச்சை. தேங்காயை வண்டியிலிருந்து பத்தடி தள்ளி உடைக்கும்படி மிஸ்ஸி குருக்களுக்கே கட்டளையிட்டார். மகள் ஏறி அமர்ந்து முன்னே நகர்த்தியபோது நான்கு பழங்களும் ஒன்றாக நசுங்கின. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏறுங்கப்பா. கடலோரமா ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுக்குப் போவோம்.”

“முட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு நமஸ்காரம் போதும். நீ போய்ட்டு வா” என்றேன். அந்த முதல் காற்றில் பங்கு கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் போனாள். மயில்கழுத்து நிறம் தெருமுனையில் ஒருமுறை நீலமாகி மறைந்தது. உறுமல் மட்டும் சற்று நேரம் கேட்டது. நான் படியருகே நின்று, கோயில் வாசல் வந்ததும் நின்றுபோயிருந்த பதிகத்தின் கடைசி இரண்டு பாட்டுகளை அந்தத் திசை நோக்கிப் பாடி முடித்தேன். நெற்றியில் ஈர மண் ஒட்டியிருந்தது. மனைவி அதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.